லூயிஸ் கரோல்: எழுத்துகளோடு விளையாடிய கணக்கு வாத்தியார் உங்கள் 'வேர்டில்' ஆட்டத்துக்கு என்ன சொல்லித் தருகிறார்?

ஜி, எச், எல். இந்த மூன்று எழுத்தும் இதே வரிசையில், நடுவில் வேறு எழுத்து இல்லாமல் வரும் ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லுங்க பார்ப்போம். போனைத் தொடக் கூடாது.

வரலையா? நீங்க பிரிஞ்சாங் பக்கம் இருப்பவர் என்றால், விடையைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கீங்க. ஊர்ப் பலகையிலேயே இருக்கிறது: கேமரன் 'ஹைலேண்ட்ஸ்'. 'ஹை' என்ற சொல்லை எழுதும்போது அது ஜி, எச் என்று முடிகிறது. 'லேண்ட்' எல் எழுத்தில் தொடங்குகிறது. இரண்டு சொல்லும் ஒட்டும் இடத்தில் அந்த மூன்று எழுத்தும் ஒளிந்திருக்கின்றன.

வேர்டில், ஸ்கிராபிள், குறுக்கெழுத்து என்று எதை ஆடினாலும் கடைசியில் இந்தத் தேடலில்தான் வந்து நிற்போம். கையில் சில எழுத்துகள் இருக்கும். அவை அடங்கிய சொல் எது? இன்று எழுத்துகளைத் தட்டினால் சொற்களைப் பட்டியல் போட்டுத் தரும் செயலிகள் வந்துவிட்டன. ஆனால் இந்தத் தேடலையே ஒரு தனி ஆட்டமாக்கி, அதற்கு விதிகளும் எழுதி, சுமார் 140 ஆண்டுகளுக்கு முன்பே பத்திரிகையில் அச்சிட்டவர் ஒருவர் உண்டு.

அவரை உங்களுக்கு வேறு விதத்தில் தெரிந்திருக்கும். முயல் குழிக்குள் விழுந்த 'ஆலிஸ்' கதையை எழுதிய லூயிஸ் கரோல்தான் அவர்.

திக்கிய பேச்சு, திக்காத பேனா

லூயிஸ் கரோல் என்பது புனைபெயர். இயற்பெயர் சார்ல்ஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன். 1832 ஜனவரி 27 அன்று இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் உள்ள டார்ஸ்பரி என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா தேவாலயப் பாதிரியார். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள். சார்ல்ஸ் மூன்றாவது பிள்ளை, ஆண்களில் மூத்தவர்.

அவருக்குப் பேச்சு திக்கும். உடன்பிறந்தவர்கள் பலருக்கும் அதே சிரமம் இருந்தது. போதாததற்கு ஒரு காது சரியாகக் கேட்காது. திக்குவாய்க்குப் பயிற்சி எடுத்தும் பார்த்தார். கடைசிவரை அது முழுமையாகப் போகவில்லை.

11 வயதில் குடும்பம் யார்க்‌ஷயரில் உள்ள கிராஃப்ட் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. டிவி, போன் எதுவும் இல்லாத காலம். பொழுது போகணுமே! வீட்டுப் பிள்ளைகளுக்காக அவரே கையெழுத்துப் பத்திரிகைகளை நடத்தினார். கதை, கவிதை, படம், புதிர் எல்லாம் அதில் இருக்கும். அப்படி அவர் தொகுத்த ஏடுகளில் ஒன்றின் பெயர் 'மிஷ்மாஷ்'. கலவை, கதம்பம் என்று பொருள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் மறுபடி வரும்.

1851இல் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்குப் போனார். போய்ச் சேர்ந்த இரண்டே நாளில் அம்மா இறந்துவிட்டார். திரும்பி வந்து இறுதிச் சடங்கை முடித்துவிட்டு மீண்டும் கல்லூரிக்குப் போனார். கணிதத்தில் நல்ல தேர்ச்சி. 1855 முதல் 1881 வரை அதே கல்லூரியில் கணித விரிவுரையாளராக இருந்தார். வேலையை விட்ட பிறகும் அங்கேயே தங்கினார்.

பெயரே ஒரு சொல் விளையாட்டு

1856இல் ஒரு பத்திரிகைக்கு எழுதும்போது புனைபெயர் தேவைப்பட்டது. டாட்ஜ்சன் என்ன செய்தார் தெரியுமா? தன் பெயரின் முதல் இரண்டு பகுதிகளை எடுத்தார்: சார்ல்ஸ் லட்விட்ஜ். ஆங்கிலத்தில் 15 எழுத்துகள். அதைக் கலைத்துப் போட்டு 'எட்கர் கத்வெல்லிஸ்' என்று ஒரு பெயரை உருவாக்கினார். ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. அதே 15 எழுத்தில் இன்னொரு பெயரும் செய்தார்.

அடுத்து வேறு வழியில் போனார். சார்ல்ஸ் என்பதற்கு லத்தீன் வடிவம் கரோலஸ். லட்விட்ஜுக்கு லுடோவிகஸ். இரண்டையும் இடம் மாற்றி மறுபடி ஆங்கிலமாக்கினால் லூயிஸ் கரோல். மொத்தம் நான்கு பெயர்களைப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பினார். ஆசிரியர் தேர்ந்தெடுத்த பெயர்தான் இன்று உலகத்துக்கே தெரியும்.

இப்படி எழுத்துகளைக் கலைத்து வேறு சொல் ஆக்குவதை ஆங்கிலத்தில் அனகிராம் என்பார்கள். நீங்களும் ஒன்று முயலலாம். 1885இல் இந்த மலைப்பகுதியில் நில ஆய்வு செய்த வில்லியம் கேமரனின் பெயரைத்தான் கேமரன் மலை தாங்கி நிற்கிறது. கேமரன் என்ற பெயரின் ஏழு ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்குங்க. 'ரொமான்ஸ்' வரும். சரிபார்த்துக்கொள்ளுங்க, ஓர் எழுத்தும் கூடாது, குறையாது.

ஆலிஸுக்குள் ஒளிந்த எழுத்துகள்

1862 ஜூலை 4. கல்லூரித் தலைவர் லிடெலின் மூன்று மகள்களோடும் ஒரு நண்பரோடும் தேம்ஸ் ஆற்றில் படகில் போனார் டாட்ஜ்சன். வழியில் ஒரு கதை சொன்னார். நடுப்பிள்ளை ஆலிஸ் அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். அது 1865இல் புத்தகமானது. பைத்தியக்காரத் தேநீர் விருந்து வருவது இந்தக் கதையில்தான். இதன் தொடர்ச்சியான கண்ணாடி உலகக் கதை 1871 இறுதியில் வெளிவந்தது.

இரண்டாவது புத்தகத்தின் கடைசியில் ஒரு கவிதை உண்டு. 21 வரிகள். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் மேலிருந்து கீழாகப் படித்தால் அந்தச் சிறுமியின் முழுப்பெயர் வரும். இரண்டு சொற்களை மடித்து ஒன்றாக்கும் வேலையையும் அவர் அதே புத்தகத்தில் செய்தார். சிரிப்பும் கனைப்பும் கலந்த 'சார்ட்டில்' என்ற சொல் அவர் உருவாக்கியது. இன்று அது ஆங்கில அகராதியில் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அவர் ஒரு புகைப்படக்காரரும்கூட. சிறுமிகளை அவர் எடுத்த படங்களும், அவர்களோடு வைத்திருந்த நட்பும் இன்று கடுமையான கேள்விகளுக்கு உள்ளாகின்றன. அவருடைய நாட்குறிப்பில் சில தொகுதிகள் காணாமல் போயுள்ளன, சில பக்கங்கள் அகற்றப்பட்டுள்ளன. ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. அவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

டீயிலிருந்து பானைக்கு மூன்று படி

1877 கிறிஸ்துமஸ் சமயத்தில், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அலுத்துக்கொண்ட இரண்டு சிறுமிகளுக்காக ஒரு புதிரை உருவாக்கினார். ஒரே அளவுள்ள இரண்டு சொற்கள் கொடுக்கப்படும். ஒரு நேரத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டும். நடுவில் வருவது எல்லாமே உண்மையான சொல்லாக இருக்க வேண்டும். 1879இல் 'வேனிட்டி ஃபேர்' இதழில் இது 'டப்லெட்ஸ்' என்ற பெயரில் போட்டியாக வந்தது. தலை என்ற 'ஹெட்'டை வால் என்ற 'டெயில்' ஆக்குவது அவர் கொடுத்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

தேயிலை மலைக்காரர்களுக்கு இன்னும் சுலபமான ஒன்று. 'டீ' என்ற மூன்றெழுத்துச் சொல்லைப் 'பாட்' ஆக்க வேண்டும், அதாவது தேநீரைப் பானையில் ஊற்ற வேண்டும்.

டீயின் முதல் எழுத்தை மாற்றினால் 'பீ', பட்டாணி. அதன் கடைசி எழுத்தை மாற்றினால் 'பெட்', செல்லப்பிராணி. நடு எழுத்தை மாற்றினால் 'பாட்'. மூன்றே படி.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. போட்டி என்று வந்ததும் எந்தச் சொல் செல்லும், எது செல்லாது என்ற சண்டை வருமில்லையா? அதற்காக, ஏற்கப்படும் சொற்களின் பட்டியல் ஒன்றையும் அவரே தொகுத்தார். இன்று ஸ்கிராபிள் வீரர்கள் கையில் வைத்திருக்கும் சொற்பட்டியலுக்கு இதை ஒரு தாத்தா என்று சொல்லலாம்.

'மிஷ்மாஷ்': கரு கொடுத்தால் சொல் வரணும்

இப்போது அந்தப் பழைய பெயருக்கு வருவோம். வீட்டுப் பத்திரிகையின் பெயரையே ஒரு புதிய ஆட்டத்துக்குச் சூட்டினார். விரிவுரையாளர் வேலையை விட்ட அதே 1881இல், 'தி மன்த்லி பாக்கெட்' என்ற இதழில் 'மிஷ்மாஷ்' ஆட்டம் வெளியானது.

ஆட்டம் இதுதான். இரண்டு பேர். ஒருவர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துகளைக் கொடுப்பார். அதைக் 'கரு' என்று வைத்துக்கொள்வோம். மற்றவர் அந்தக் கரு அப்படியே உள்ளே இருக்கும் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். கரோல் கொடுத்த கருக்களில் ஒன்று இ, எம், ஓ. விடை 'லெமன்'. இன்னொன்று ஐ, எம், எஸ், இ. விடை 'ஹிம்செல்ஃப்'. மூன்றாவதுதான் கஷ்டம்: ஜி, அதை அடுத்து 'பென்' என்ற சொல்லில் வரும் பி. விடை 'மேக்பை' என்ற பறவை.

விதிகளில் மூன்று விஷயம் கவனிக்கத்தக்கது.

முதலாவது, சொல் சாதாரண மக்கள் அறிந்ததாக இருக்க வேண்டும். ஆள் பெயர், ஊர்ப் பெயர் கூடாது. யாருக்கும் தெரியாத அகராதிச் சொல்லை இழுத்துவந்து மிரட்டுவதற்கு இங்கே இடமில்லை.

இரண்டாவது, கரு கொடுப்பவருக்கே விடை தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் மனதில் வைத்த சொல்லைத்தான் நீங்க சொல்லணும் என்பதும் இல்லை.

மூன்றாவதுதான் அழகு. உங்களுக்கு மூன்று வழி உண்டு. சொல்லைக் கண்டுபிடிக்கலாம். அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று துணிந்து முடிவெடுக்கலாம். அல்லது எனக்கு வரலை என்று விட்டுவிடலாம். இல்லை என்பதும் தெரியலை என்பதும் வேறு வேறு என்று ஒரு கணக்கு வாத்தியாருக்குத்தானே தோன்றும்? செயலி பட்டியலை நீட்டும்போது இந்த வித்தியாசத்தை நாம் உணர்வதே இல்லை.

தமிழ்க் கண்ணுக்கு ஏன் சிரமம்?

'மேக்பை' ஏன் சட்டென்று வராது? நாம் ஒலியை வைத்துத் தேடுகிறோம். ஜி, பி இரண்டையும் சேர்த்து உச்சரித்துப் பார்த்தால் எதுவுமே கேட்காது. அந்தச் சொல்லின் முதல் அசை ஜியில் முடிகிறது, அடுத்த அசை பியில் தொடங்குகிறது. கரு இரண்டு அசைகளின் தையலில் உட்கார்ந்திருக்கிறது.

தமிழில் படித்துப் பழகிய கண்ணுக்கு இது இன்னும் புதுசு. நமக்கு உயிர்மெய் ஒரே எழுத்து. பிரிஞ்சாங் என்று தமிழில் எழுதினால் ஐந்து எழுத்து. ஆங்கிலத்தில் ஒன்பது. அந்த ஒன்பதில் மூன்றாவது முதல் ஆறாவது வரை மட்டும் பாருங்க: 'இன்ச்' என்ற முழுச் சொல் ஒளிந்திருக்கிறது. தமிழ் எழுத்தில் அது கண்ணில் படவே படாது.

அதற்காக இந்த விளையாட்டு நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். தமிழ் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், கரோலுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுத்து விளையாட்டுகளை வரிசைப்படுத்தியிருக்கிறது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வருவது மாலைமாற்று. ஒவ்வோர் எழுத்தாக நீக்க நீக்க வேறு வேறு சொல் வருவது அக்கரச்சுதகம். எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். 'கவிதை'யில் நடு எழுத்தை எடுத்தால் 'கதை', முதல் எழுத்தை எடுத்தால் 'விதை'. கரோல் இதைப் பார்த்திருந்தால் குஷியாகியிருப்பார்.

ஆகவே, உங்ககிட்ட ஏற்கெனவே ஒரு பழக்கம் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அதைத் திருப்பணும், அவ்வளவுதான். கரு கிடைத்ததும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க.

இந்தக் கருவில் ஒரு சொல் தொடங்க முடியுமா? ஜி, எச், எல் என்று எதுவும் தொடங்காது. அப்படியென்றால் நடுவில் வெட்டுங்க.

வெட்டிய இடத்துக்கு இடப்பக்கம் முடியும் சொற்கள் என்னென்ன? ஜி, எச் என்று முடிபவை ஹை, ரஃப், டஃப்.

வலப்பக்க எழுத்தில் தொடங்கி, அவற்றோடு ஒட்டக்கூடியது எது? லேண்ட் ஒட்டும். சொல்லின் கடைசியில் வரும் 'லி'யும் ஒட்டும். உடனே 'ரஃப்லி' என்ற இன்னொரு விடை கிடைத்துவிட்டது.

இதே முறையில் டபிள்யூ, கே, டபிள்யூ என்ற பயங்கரமான கருவும் மசியும். 'ஆக்வர்ட்' என்ற சொல்லை எழுதிப் பாருங்க.

ஆங்கிலம் சரளமாகப் பேசினால்தான் ஆட முடியுமா?

தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வீட்டில் தமிழ், வெளியில் மலாய். வகுப்பில் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே கூச்சம். ஸ்கிராபிள் மாதிரியான ஆட்டமெல்லாம் இங்கிலீஷ் பொளந்துகட்டும் ஆட்களுக்கு என்று ஒதுங்கிவிடுகிறோம்.

அது சரியில்லை என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு சான்றே இருக்கிறது. நியூசிலாந்தில் பிறந்து, பல ஆண்டுகளாக மலேசியாவில் வாழ்ந்துவரும் நைஜல் ரிச்சர்ட்ஸ், 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்களை எழுத்துகளின் கோவையாகவே மனதில் பதித்துக்கொண்டு போனார்.

கரோலின் வழி வேறு. ரிச்சர்ட்ஸ் அகராதியையே மனதில் ஏற்றியவர்; கரோல் எல்லோருக்கும் தெரிந்த சொல் போதும் என்றவர். ஆனால் இருவரும் காட்டுவது ஒன்றுதான். சொல்லைச் சரளமாகப் பேசுவது ஒரு திறமை, சொல்லுக்குள் இருக்கும் எழுத்தைப் பார்ப்பது இன்னொரு திறமை. பேச்சு திக்கிய ஒரு மனிதர் அந்த இரண்டாவது திறமையை ஆயுள் முழுக்க வளர்த்துக்கொண்டார்.

இருட்டிலும் எழுதியவர்

1880 டிசம்பரில் அவருடைய நாட்குறிப்பில் ஒரு யோசனை பதிவாகியிருக்கிறது. எழுத்துகளைச் சதுரங்கப் பலகையில் நகர்த்திச் சொற்களை உருவாக்கும் ஓர் ஆட்டம். அமெரிக்காவின் ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களில் உருவாக்கிய ஆட்டம் 1948இல் ஸ்கிராபிள் என்று பெயர் பெறுவதற்குப் பல பத்தாண்டுகள் முந்தைய யோசனை அது. செய்தித்தாளில் வரும் குறுக்கெழுத்துக்கூட 1913இல்தான் பிறந்தது. ஜோஷ் வார்டில் உருவாக்கிய வேர்டில் உலகத்துக்கு வந்தது 2021இல்.

அவர் நிறுத்தவில்லை. ஒரே எழுத்துக் கோவையைப் பகிரும் சொற்களைச் சங்கிலியாகக் கோக்கும் 'சிசிஜீஸ்' என்ற ஆட்டத்தை 1891இல் ஒரு பெண்கள் இதழில் வெளியிட்டார். அதே ஆண்டு, தூக்கம் வராத இரவுகளில் விளக்கேற்றாமலே எழுத ஒரு கருவியும் செய்தார். அட்டையில் வரிசையாக 16 சதுரத் துளைகள். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஓர் எழுத்துக்கான குறி. கைத் தடவலிலேயே எழுதலாம். அனுப்பிய, பெற்ற கடிதங்களுக்கெல்லாம் எண் போட்டுப் பதிவேடும் வைத்திருந்தார். கடைசி எண் 98,721.

1898 ஜனவரி 14 அன்று கில்ஃபர்ட் நகரில், சகோதரிகளின் வீட்டில் இறந்தார். காய்ச்சல் நிமோனியாவாக மாறியிருந்தது. 66ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

அடுத்த முறை ஒரு கட்டத்தில் மாட்டிக்கொண்டால், செயலியைத் திறப்பதற்கு முன் இரண்டு நிமிடம் கருவை வெட்டிப் பாருங்க. கிடைத்தால் அந்தச் சொல் உங்களுடையது, மறக்காது. கிடைக்கவில்லையா? தெரியலை என்று சொல்வதற்கும் கரோலின் விதியில் இடமிருக்கிறது.

கடைசியாக உங்களுக்கு ஒரு கரு: டபிள்யூ, அடுத்து 'பஸ்' என்ற சொல்லில் வரும் பி. விடையை இங்கே சொல்லப் போவதில்லை. பிரிஞ்சாங்கில் அது கூடாரத் தோட்டங்களில் சிவப்பாகத் தொங்குகிறது, சாலையோரக் கடைகளில் பெட்டி பெட்டியாக அடுக்கியும் இருக்கிறது.